காய்ந்த துளியின் வரிசை

என் மருமகனுக்கு ஆய்வகத்தில் 'சதுரம்' என்று பட்டப்பெயர். எங்கள் வீட்டு மாப்பிள்ளையை இப்படிக் கூப்பிடுகிறார்களே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. மகளிடம் கேட்டேன்.

"அது மரியாதைதான்ப்பா. உருண்டை யாரு வேணா பண்ணிடுவாங்க. சதுரம் அவருக்கு மட்டும்தான் வரும்" என்றாள்.

அவர் செய்தது காந்தத் திரவம். பார்ப்பதற்கு வண்டியிலிருந்து வடித்த பழைய எண்ணெய் மாதிரி கறுப்பாக இருக்கும். அடியில் காந்தத்தைக் காட்டினால் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து எழும். எடுத்தால் படுத்துவிடும். அந்த எண்ணெயில் மிதப்பவை இரும்பு ஆக்சைடுத் துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு பொடி. இரும்பு உப்பைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் காய்ச்சும்போது சூடு ஏறுகிற வேகத்தைப் பொறுத்து அவை உருண்டையாக விளையும், அல்லது பகடைக்காய் போலக் கனசதுரமாக விளையும். மாப்பிள்ளை குடுவையை விட்டு நகர மாட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவர்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

மகளுக்கு, வீட்டில் அவள் பாப்பா, அதே கட்டடத்தின் அடித்தளத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வேலை. லிஃப்ட் ஓடினால் படம் கலங்கும் என்று லிஃப்ட் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருப்பாள். அவளைப் பார்க்கப் போனால் நானும் படியிறங்கிப் படியேறித்தான் வர வேண்டும். இவர் துகளைக் கொண்டுபோய்க் கொடுக்க, அவள் படம் எடுத்துத் தர, அப்படித்தான் பழக்கம். கல்யாணத்தை நான் முறையாகப் பேசி முடித்தேன். காதல் என்ற சொல் அப்போதும் எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. பணியில் சேர்ந்த புதிதில் என் மச்சானின் கடைக்குப் போனேன். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். முத்திரை இல்லாத எடைக்கல் ஒன்று இருந்தது. அங்கேயே பறிமுதல் செய்தேன். அலுவலகத்தில் நிறுத்துப் பார்த்தபோது அது சரியான எடைதான். அதனால் என்ன, முத்திரை இல்லை. மச்சான் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்க நெடுங்காலம் ஆயிற்று. எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒருவரும் விரல் நீட்டிப் பேசாததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். என் மனைவிக்கு வேறு எண்ணம்.

இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒரு பத்திரிகையில் வெளிவந்த வாரம் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வழக்கமாக அதிகம் பேசாதவர். அன்றைக்கு விளையாட்டுப் பெட்டியைத் தேடி எடுத்து, ஒரு தட்டில் கோலிக்குண்டுகளையும் இன்னொரு தட்டில் பகடைக்காய்களையும் கொட்டினார்.

"மாமா, ரெண்டையும் லேசா குலுக்குங்க."

குலுக்கினேன். குண்டுகள் ஒன்றையொன்று இடித்துவிட்டு ஓடின. பகடைகள் சற்று நேரத்தில் ஒன்றோடொன்று பக்கம் பொருந்தி நின்றன.

"உருண்டைங்க ஒரு புள்ளியிலதான் தொட்டுக்கும். தட்டினா விலகிடும். சதுரம் முகத்தோட முகம் ஒட்டும். ஒட்டிச்சுன்னா லேசுல விடாது."

"உங்க மாமா பிடிவாதம் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

"அதுல இன்னொரு வம்பு இருக்கு அத்தை. ஒவ்வொன்னுக்குள்ளயும் ஒரு குட்டிக் காந்தம். அது மூலைக்கு மூலை குறுக்கால நிக்குது. முகத்தோட முகம் சேருன்னு உருவம் சொல்லுது. மூலையோட மூலை சேருன்னு காந்தம் சொல்லுது. அது யாரு பேச்சக் கேக்கும், சொல்லுங்க?"

"இந்த வீட்டுல பொறந்திருந்தா அப்பா பேச்ச" என்றாள் பாப்பா.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "ரெண்டு பேச்சையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுக்கிட்டு, லேசா சறுக்கின மாதிரி நின்னு வரிசை கட்டுது. நாம வெளியிலேர்ந்து காந்தமே காட்டாம, எண்ணெயில தானா. அதே அளவு உருண்டைங்க அப்படி நிக்கல. இதான் மாமா நாங்க எழுதினது."

எனக்கு முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவர் பெயரும் என் மகள் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அதை வாசிக்கக் கண்ணாடி கூடத் தேவைப்படவில்லை. அவர் அப்போது தற்காலிகப் பணியில் இருந்தார். நிரந்தர இடத்துக்கு நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கட்டுரைதான் அவருக்குப் பிடிமானம்.

கட்டுரையில் இருந்த படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றேன். கறுப்புச் சதுரங்கள் சாம்பல் நிறப் பின்னணியில் வரிசை வரிசையாக நிற்கிற படம். வெட்டிச் சுருக்கியது வேண்டாம், எடுத்தபடி முழுப்படம் வேண்டும் என்று சொன்னேன். எதையும் முழுதாகப் பார்த்துப் பழகியவன் நான். பாப்பா பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் அது தறித்துணியா என்று கேட்டார். அவரை உட்காரவைத்துப் பகடைத் தட்டிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தின் முன்னால்தான் ஒருநாள் காலை பாப்பா கையில் காபியோடு நின்றாள்.

"என்னப்பா, சாய்வா மாட்டியிருக்கீங்க?"

"ரசமட்டம் வச்சுப் பாத்து மாட்டினேன். உன் கண்ணுதான் சாய்வு."

அவள் கிட்டே போனாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள். நடுவில் வரிசைகள் நேராக இருந்தன. கட்டுரையில் வந்தது அந்தப் பகுதிதான். ஓரத்துக்குப் போகப் போக எல்லா வரிசைகளும் சேர்ந்து ஒரு பக்கமாக வளைந்தன. நானும் தினமும் பார்த்த வளைவுதான், அழகு என்று நினைத்திருந்தேன். பாப்பா கோப்பையை மேசையில் வைத்தாள், எடுத்தாள். மேசையில் காபி வட்டமாகக் கறை விட்டிருந்தது. அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வந்தபோது முகங்களைப் பார்த்ததுமே என் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பாப்பாதான் சொன்னாள். நுண்ணோக்கியில் ஈரத்தை வைத்துப் பார்க்க முடியாது. துளியைச் சின்னச் செம்பு வலையில் விட்டுக் காயவைத்துத்தான் உள்ளே நுழைப்பாள். துளி காயும்போது அதன் விளிம்பு சுருங்கிக்கொண்டே வரும். சுருங்குகிற விளிம்பு துகள்களைக் கூட்டித் தள்ளும். தள்ளினால் பகடைகள் என்ன செய்யும் என்பதைத் தட்டில் நானே பார்த்திருந்தேன்.

"வெள்ளியில செஞ்ச சதுரத்த வாங்கி அதே மாதிரி காயவச்சேன்ப்பா. வெள்ளிக்குக் காந்தமே கிடையாது. அதுவும் இதே மாதிரி வரிசையா நிக்குது."

"அப்ப நீங்க எழுதினது?"

"எண்ணெயில வரிசை கட்டுதுன்னு எழுதினோம். இந்தப் படம் அதுக்குச் சாட்சி இல்ல. காயும்போது நின்ன வரிசை இது."

"வரிசை இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "படம்தான் தப்பு. வரிசை தப்பில்ல. குடுவைய சாய்க்கும்போது அது ஓடற விதத்திலயே எனக்குத் தெரியுது. உருண்டை தண்ணி மாதிரி ஓடுது. இது தயங்குது."

"தெரியுதுன்னா எப்படி? தராசு தட்டுல வச்சீங்களா?"

"வைக்கிறதுக்கு வழி இருக்கு. துளியக் காயவிடாம கண்ணிமைக்கிற நேரத்துல உறையவச்சு எடுக்கணும். எது எங்க நின்னுச்சோ அங்கயே நின்னுடும். அந்த மெஷின் இங்க இல்ல, வேற ஊர்ல இருக்கு. எங்க முறை வர சில மாசம் ஆகும்."

"அதுக்குள்ள நேர்காணல் வந்துடும்" என்றாள் பாப்பா. "அதனால இப்பவே பத்திரிகைக்கு உண்மைய எழுதிடலாம்ப்பா. படத்துல சந்தேகம் இருக்கு, மறுபடி சோதிக்கிறோம், முடிவு வர்ற வரைக்கும் இத நம்பாதீங்கன்னு கட்டுரை மேலயே ஒரு குறிப்பு போடுவாங்க. மறைக்கிறதில்ல. கட்டுரையத் திரும்ப வாங்கறதும் இல்ல. அப்படி ஒரு வழி இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவர்கள், என் சம்மதம் இல்லாமலே செய்திருக்கலாம். ஆனாலும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

"முத்திரை இல்லாத கல்லு தராசுல இருக்கக் கூடாது" என்றேன். "சந்தேகம்னு சீட்டு கட்டித் தொங்கவிட்டுட்டு அதே கல்லுல வியாபாரம் பண்ணுவாங்களா? நேர்காணல்ல போய் அந்தக் கட்டுரையக் காட்டத்தான போறீங்க? நாளைக்கு ஒருத்தன், இவரு மாமனார் ஊரையெல்லாம் புடிச்சாரு, மருமகன் மட்டும் சந்தேகத்த வச்சு வேலைக்குச் சேந்தான்னு சொல்லக் கூடாது. முழுசா திரும்ப வாங்குங்க."

"வீட்டுக்குள்ளயும் முத்திரை குத்தணுமா?" என்றாள் என் மனைவி. "எங்கண்ணன் கல்லு கடைசியில சரியா இருந்துச்சே, மறந்துபோச்சா?"

"அது வேற பேச்சு."

"உங்களுக்கு எல்லாமே வேற பேச்சுதான்."

பாப்பா ஏதோ சொல்ல வந்தாள். மாப்பிள்ளை அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். "மாமா சொல்றபடியே செஞ்சிடலாம்" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பேசியிருப்பேன், பேச்சு வளர்ந்து எங்காவது ஓர் இடத்தில் நின்றிருக்கும். கோபமே இல்லை. அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். படத்தை நான் கழற்றிப் பரணில் வைத்தேன். ஆணியைப் பிடுங்கவில்லை.

நேர்காணலிலிருந்து அவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன கேட்டாங்க?"

"ஏன் திரும்ப வாங்கினீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். என் நேர்மையப் பாராட்டினாங்க மாமா." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ரொம்ப நேரம் பாராட்டினாங்க."

இடம் வேறொருவருக்குப் போயிற்று. தற்காலிகப் பணியையும் அத்தோடு நீட்டிக்கவில்லை. தொலைவில் ஒலிபெருக்கிகளுக்குக் காந்தத் திரவம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. ஒலிபெருக்கிக்குள் கம்பிச்சுருள் அசையும் இடுக்கில் அந்தத் திரவத்தைச் சொட்டுவிடுவார்களாம், சூடு தணிய. பாப்பா நுண்ணோக்கியை விட்டுப் போக முடியாது. போனால் இன்னொரு நுண்ணோக்கி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவர் விடுமுறைக்கு வருவார். பிறகு எப்போதாவது வருவார். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, மழையா, உடம்பு எப்படி. சண்டை போட்டிருந்தால் உட்காரவைத்துத் தீர்த்திருப்பேன். சண்டையே இல்லாத இடத்தில் பெரியவனுக்கு என்ன வேலை இருக்கிறது?

உறையவைக்கும் மெஷினில் அவர்கள் முறை வந்தபோது பதிவு செய்திருந்த மாப்பிள்ளை ஆய்வக வேலையில் இல்லை. முறை ரத்தாயிற்று.

சென்ற மழைக்காலத்தில் பாப்பா ஒரு கட்டுரைத் தாளோடு வந்தாள். ஈரக்குடையை மடிக்காமலே வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து தாளை என் முன்னால் வைத்தாள். யாரோ, எங்கோ, கனசதுரத் துகள்களை எண்ணெயோடு உறையவைத்துப் படம் எடுத்திருந்தார்கள். காயாத, சுருங்காத, தள்ளாத துளி. அதில் சதுரங்கள் முகத்தோடு முகம், லேசாகச் சறுக்கியபடி, சின்னச் சின்னச் சங்கிலிகளாக நின்றன. விளிம்பு இல்லை, வளைவு இல்லை. பக்கத்திலேயே உருண்டைகளின் படம். அவை சிதறிக் கிடந்தன.

"வரிசை இருந்திருக்குப்பா" என்றாள்.

என் மனைவி கண்ணாடியை எடுத்து வந்து எனக்குக் கொடுத்தாள். அண்ணனின் கல்லைப் பற்றி அப்போது அவள் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையின் கடைசியில் முன்னர் இதைப் பற்றி எழுதியவர்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்த்தேன்.

"தேடாதீங்கப்பா. திரும்ப வாங்கின கட்டுரைய யாரும் சொல்ல மாட்டாங்க. குறிப்பு மட்டும் போட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. இவங்க சந்தேகப்பட்டாங்க, நாங்க உறுதிப்படுத்தினோம்னு முதல் வரியே அதுவாத்தான் இருந்திருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவர்தான் எனக்கு அனுப்பினாரு."

மறுவாரம் நான் மாப்பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினேன். மனைவி துணி மடித்துப் பையில் வைத்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன். மாமனார் மருமகனிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக ஒன்றும் அகப்படவில்லை.

தொழிற்சாலையில் அவருக்கு ஒரு சிறிய அறை. அலமாரி முழுதும் கறுப்புப் புட்டிகள். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கையில் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பாப்பாவைக் கேட்டார், அத்தையின் முழங்கால் வலியைக் கேட்டார்.

"இங்கயும் சதுரம்னுதான் கூப்பிடறாங்களா?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இங்க எல்லாம் உருண்டைதான் மாமா. சதுரம் போட்டா ஒன்னோட ஒன்னு ஒட்டி கெட்டியாயிடும், சுருள் அசையாது. உருண்டைதான் சொன்னபடி கேக்கும்."

ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி அடியில் காந்தத்தைப் பிடித்தார். திரவம் முள் முள்ளாக எழுந்தது. காந்தத்தை எடுத்ததும் உடனே படுத்துச் சமமாயிற்று. பிறகு அலமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்துக் கையில் வைத்துச் சாய்த்தார். உள்ளே இருந்தது மெல்ல, யோசித்து யோசித்து நகர்ந்தது.

"பழசா?"

"அந்தக் கட்டுரைக்குக் காய்ச்சினதுல மிஞ்சினது. கொட்ட மனசு வரல."

இருவரும் அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே யாரோ பீப்பாயை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நீங்க சொன்னது தப்பில்ல மாமா" என்றார் அவர். "அந்தப் படம் தப்புதான். அத வச்சுக்கிட்டு நின்னிருக்கக் கூடாது." புட்டியை நிமிர்த்தினார். "ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். உங்க வேலையில, முத்திரை இல்லன்னா உடனே பறிமுதல்தானா? சோதிச்சுக் கொண்டாங்கன்னு தவணை எதுவும் குடுக்க மாட்டீங்களா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"உண்டு. சீட்டுக் கட்டித் தொங்கவிடுவோம். இன்ன தேதிக்குள்ள கொண்டுவந்து சோதிச்சு முத்திரை வாங்கிக்கணும்னு."

"நீங்க குடுத்திருக்கீங்களா?"

"நிறைய பேருக்கு."

"யாருக்கு மாமா?"

"வெளி ஆளுங்களுக்கு" என்றேன். "சொந்தக்காரங்களுக்குக் குடுத்ததில்ல."

அவர் தலையசைத்தார். புட்டியை அலமாரியில் பழைய இடத்திலேயே, மற்றப் புட்டிகளுக்குப் பின்னால், வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு கறுப்புக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, சிரிப்பு மாதிரி ஒன்றோடு சொன்னார்.

"நான் வெளி ஆளா இருந்திருக்கலாம் மாமா."

டீ குடிக்கலாமா என்று அவரே கேட்டார். எழுந்து அவரோடு நடந்தேன்.